பதினைந்து நாள் சட்டம்

1997 ஜூலை 1, செவ்வாய்

உரக்கடைக்காரர் கொடுத்த டைரி ஆறு மாதமாகச் சும்மா கிடந்தது. என்னைப் போன்ற மனிதன் எழுதாமல் விட்டால் பின்னால் வருகிறவர்களுக்குத்தான் நஷ்டம். அதனால் இன்று தொடங்குகிறேன்.

பெயர் சோலைமலை. படிப்பு எட்டாம் வகுப்பு. ஒன்பதாவது போயிருந்தால் வாத்தியாருக்கு வேலை போயிருக்கும், பாவம் என்று நானாக நின்றுகொண்டேன். முப்பத்தொரு வருடம் சினிமா தியேட்டரில் நிர்வாகம். டிக்கெட் கிழிப்பதும் நிர்வாகம்தான். நான் கிழிக்காமல் ஒரு கலெக்டர்கூட உள்ளே போனதில்லை. தியேட்டரை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிய பிறகு, அக்கா மகள் சொர்ணத்துக்கு ஆண்துணை வேண்டுமே என்று இரண்டு வருடமாக மதுரையில் இந்த வளவில் இருக்கிறேன். அவள் புருஷனை வேண்டாம் என்று விட்டு வந்தவள். ஜாக்கெட் தைக்கிறாள். அக்கா போன பிறகு அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.

வளவு என்றால் ஒரே வாசல், நடுவில் முற்றம், சுற்றி ஏழு குடித்தனம், ஒரே குழாய். பழைய வீட்டுக்காரர் இருந்தவரை, பத்தாம் தேதி போல வந்து முற்றத்தில் உட்கார்ந்து, கொடுத்ததை வாங்கிக்கொண்டு, மோர் குடித்துவிட்டுப் போவார். வைகாசியில் அவர் தவறிவிட்டார். இப்போது மகன் தண்டபாணி. பைனான்ஸ் நடத்துகிறவன். இன்று காலை வாசலில் ஒரு போர்டு மாட்டிவிட்டுப் போயிருக்கிறான்:

'வாடகை 5ஆம் தேதிக்குள். தவறினால் நாள் ஒன்றுக்கு ரூ.10 தாமதக் கட்டணம். தவறுபவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.'

சொர்ணம் வாடகை நானூற்றைம்பதை உறையில் போட்டுக் கையில் கொடுத்தாள். மாதாமாதம் கொண்டுபோய்க் கொடுப்பது நான்தான். செவ்வாய்க்கிழமை காசு வெளியே போகக்கூடாது என்று எடுத்துச் சொன்னேன். ஒப்புக்கொண்டாள்.

ஜூலை 2, புதன்

வாடகை கொடுக்கக் கிளம்பினேன். வழியில் டீக்கடையில் சிக்கந்தர். தியேட்டரில் படம் ஓட்டியவர். நாலு பேர் முன்னால், "நம்ம மேனேஜர் சார் வந்துட்டாரு, பெஞ்சத் தொடைங்கப்பா" என்றார். பழைய பேச்சு. அவருக்கு ஏதோ ஆஸ்பத்திரிச் செலவு. ஒரு மேனேஜர் எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ அப்படி நடந்துகொண்டேன். எழுதுமளவுக்குப் பெரிய விஷயமில்லை.

தண்டபாணி வீட்டுக்குப் போக நேரமில்லை.

ஜூலை 3, வியாழன்

வெயில். சிக்கந்தர் சம்சாரம் ஜாக்கெட் அளவு கொடுக்க வந்திருந்தது. சொர்ணத்தோடு ஒரு மணி நேரம் குசுகுசு. பெண்கள் பேச்சில் நான் தலையிடுவதில்லை.

ஜூலை 4, வெள்ளி

வெள்ளிக்கிழமை. அமாவாசை வேறு. காசு வெளியே போகக்கூடாது.

ஜூலை 5, சனி

இன்று நடந்ததை விவரமாக எழுத வேண்டும்.

காலை குழாயடி. பூ விற்கிற வேலம்மா, டிப்போவில் மெக்கானிக்காக இருக்கிற அந்தோணி, இன்னும் நாலைந்து பேர். சொர்ணம் குடத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"மாமா, வாடகையக் குடுத்தாச்சா?"

அத்தனை பேர் காதும் என் பக்கம். நான் நிதானமாக வேட்டியை மடித்துக் கட்டினேன்.

"குடுக்கல. வேணும்னுதான் குடுக்கல."

"ஏன்?"

"அவன் போர்டு மாட்டுனா நாம பயந்துரணுமா? சட்டத்துல பதினஞ்சு நாள் அவகாசம் இருக்கு தாயி. தேதி முடிஞ்சதுக்கு மேல பதினஞ்சு நாள். அதுக்குள்ள ஒரு பைசா அபராதம் கேக்க முடியாது."

அந்தோணி பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டான். "எந்தச் சட்டம்ணே?"

"வீட்டுச் சட்டம். பிரிவு நாப்பத்தி ரெண்டு."

எதிர்வீட்டுக் கதவு எண் நாற்பத்திரண்டு என்பது தற்செயல்.

சொர்ணம் அரைக்குடம் நிறைகிற நேரம் என்னையே பார்த்தாள். ஆனால் வேலம்மா, "அப்பாடா, பள்ளிக்கூடம் தொறந்து மாசமாச்சு, இன்னும் நோட்டு வாங்கலையேன்னு நொந்து கெடந்தேன், பதினஞ்சு நாள் கெடைச்சாப் போதும்ணே" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தோணியும் அப்படியே. நாலாம் வீட்டு டீச்சரம்மாவும் அப்படியே. மூன்று குடித்தனம் என் ஒரு சொல்லில் நின்றது. நாங்களும் சேர்த்து நாலு.

தலைவன் என்பவன் பிறக்கிறான்.

ஜூலை 6, ஞாயிறு

தண்டபாணியின் ஆள் வந்து நாலு கதவிலும் சாக்பீஸால் '10' என்று எழுதிவிட்டுப் போனான். நான் அவனை நடுங்க வைத்திருப்பேன். அந்த நேரம் கழிவறையில் இருந்தேன்.

ஜூலை 7, திங்கள்

'20'. சொர்ணம் ஈரத்துணியால் எங்கள் கதவைத் துடைத்தாள். பிறகு மற்ற மூன்று கதவையும் துடைத்தாள். பத்து மணிக்குத் தண்டபாணியே வந்துவிட்டான்.

"யாருய்யா இங்க வக்கீலு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொர்ணம் மட்டும் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

"வக்கீல் இல்ல தம்பி. விவரம் தெரிஞ்சவன்," என்றேன்.

"எங்கப்பா எளக்காரம் குடுத்து வச்சிருக்காரு. நான் பைனான்ஸ்காரன். என்கிட்ட ஒருத்தன் ஒருநா தள்ளிக் குடுத்தா அதுக்கு ஒரு வெலை உண்டு. பதினஞ்சாந்தேதிக்குள்ள அபராதத்தோட வரலேன்னா, மாசக் கடைசில நாலு வீடும் காலி. பூட்டப் போட்டுட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்."

"பிரிவு நாப்பத்தி ரெண்டுல..."

"நாப்பத்தி ரெண்ட நீயே வச்சுக்க பெரியவரே. நான் எங்க வக்கீலக் கேட்டுட்டு வர்றேன்."

புல்லட்டைக் கிளப்பிப் போய்விட்டான். அவன் முகத்தில் பயம் தெரிந்தது. வெயிலில் சரியாகப் பார்க்க முடியவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

வேலம்மா வந்து உட்கார்ந்தாள். "அண்ணே, வாடகைக் காசு என் கையில இருந்துச்சு. நீங்க சொன்னீகன்னுதான் நோட்டுப் புத்தகம் வாங்குனேன். நெசமாவே சட்டம் இருக்குல்ல?"

"வேலம்மா, நான் பொய் சொல்லி நீ கேட்டிருக்கியா?"

அவள் யோசித்தாள். யோசிக்க வேண்டிய கேள்வியே இல்லை அது.

இந்த வளவை விட்டால் சொர்ணம் எங்கே போவாள். பதினொரு வருடம் சேர்த்த வாடிக்கை எல்லாம் இந்த இரண்டு தெருவில். மிஷினைத் தூக்கிக்கொண்டு புதூருக்கோ வில்லாபுரத்துக்கோ போனால் ஜாக்கெட் அளவு தெரிந்த ஒரு ஆள் வராது. புது வீட்டுக்கு ஐயாயிரம் அட்வான்ஸ் கேட்பான்.

இதைச் சும்மா எழுதினேன். கவலை ஒன்றுமில்லை.

ஜூலை 9, புதன்

பரணில் இருந்த என் டிரங்குப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினேன். காரணம் எதுவும் இல்லை.

ஜூலை 10, வியாழன்

கோர்ட்டுக்குப் போனேன். எனக்குச் சந்தேகம் இருந்ததால் அல்ல. கோர்ட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறதா என்று பார்க்க.

வாசலில் வரிசையாக டைப்ரைட்டர்கள். அதில் பரிமளம் என்று ஒரு அம்மாள். ஐம்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடிக்கு மேல் என்னைப் பார்த்தாள்.

"என்ன மனு?"

"மனு இல்ல. வாடகைக்கு அவகாசம் எத்தன நாள்னு உங்களுக்குத் தெரியுமான்னு..."

"வாடகை ஒப்பந்தம் எழுதியிருக்கா?"

"இல்ல. அவங்கப்பா காலத்துல இருந்து வாய்ச்சொல்தான்."

"எழுதியிருந்தா, அதுல சொன்ன தேதிக்கு மேல பதினஞ்சு நாள். எழுதவே இல்லேன்னா, அடுத்த மாசக் கடைசி வரைக்கும். ஜூன் வாடகைக்கு ஜூலை முப்பத்தொண்ணு. அதுவரைக்கும் பாக்கின்னு சொல்லி உங்களக் காலி பண்ணச் சொல்ல முடியாது."

நான் அவளுடைய மேசையைப் பிடித்துக்கொண்டேன். வெயில்.

"பதினஞ்சு நாளா?"

"ஆமா."

"நெசமாவா?"

"ஏங்க, நீங்கதான கேட்டீங்க?"

"அபராதம்?"

"நீங்க ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தீங்களா? இல்லேல்ல. போர்டு மாட்டுனா ஆச்சா? நாளைக்கு அவரு வாசல்ல செருப்பு கழட்ட அஞ்சு ரூபான்னு மாட்டுவாரு."

பிரிவு நாற்பத்திரண்டுதானே என்று கேட்டேன். நாற்பத்திரண்டும் இல்லை, நாற்பத்திமூன்றும் இல்லை என்றாள். அரசாங்கம் அடிக்கடி நம்பரை மாற்றிக்கொண்டே இருந்தால் மனிதன் என்ன செய்வான்.

வழி முழுவதையும் அவளே சொன்னாள். முதலில் நேரில் கொண்டுபோய் நீட்ட வேண்டும். வாங்காவிட்டால், எந்த பேங்கில் கட்டுவது என்று கேட்டு ரிஜிஸ்தர் தபால். பத்து நாளில் பதில் இல்லையென்றால் மணியார்டர். அதன் கமிஷனை வாடகையிலேயே கழித்துக்கொள்ளலாம். அதையும் வாங்காவிட்டால் கோர்ட்டிலேயே கட்டலாம். நான் எல்லாவற்றையும் இந்த டைரியின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னேன். அவளுக்கு மனப்பாடமாகட்டும் என்று.

பஸ்ஸுக்குக் காசு இருந்தும் நடந்தே வந்தேன். உடம்பு அவ்வளவு லேசாக இருந்தது.

ஜூலை 11, வெள்ளி

குழாயடியில் அறிவித்தேன். பதினைந்து நாள் என்று சொன்னது உங்களைப் பதற்றப்படுத்தாமல் இருக்கக் குறைத்துச் சொன்னது, உண்மையில் மாதக் கடைசி வரை இருக்கிறது என்றேன். வேலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தோணி விசில் அடித்தான்.

சொர்ணம் மட்டும், "யாரு சொன்னா?" என்றாள்.

"எனக்கே தெரியும்."

"இல்ல மாமா. யாரு சொன்னா?"

பரிமளம் என்று சொன்னேன். தலையாட்டிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். இன்று மதியம் எனக்கு மட்டும் அப்பளம் பொரித்தாள்.

ஜூலை 14, திங்கள்

நாலு குடித்தனமும் சேர்ந்து தண்டபாணியின் பைனான்ஸுக்குப் போனோம். நான் முன்னால். அவனவன் கையில் உறை. உள்ளே கடன் வாங்க ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஜூன் வாடகை. வாங்கிக்கங்க," என்றாள் சொர்ணம்.

"அபராதம் எங்க?"

"அது கெடையாது."

"அப்ப இதுவும் எனக்கு வேணாம்."

ஒரு உறையைக்கூடப் பிரிக்கவில்லை. என் உறையையும் பிரிக்கவில்லை. அதற்குள் எவ்வளவு இருந்தது என்பது இந்த டைரிக்குச் சம்பந்தமில்லாதது.

வெளியே வந்ததும் அந்தோணி, "ஏண்ணே, இவ்வளவு வேர்த்திருக்கு?" என்றான். வீரத்தில் வேர்க்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

பரிமளம் டைப் அடிக்க, நாலு ரிஜிஸ்தர் தபால் போனது. 'தாங்கள் வாடகையைப் பெற மறுத்ததால்' என்று தொடங்கும். அழகான வாக்கியம். நான் சொன்னதுதான், அவள் டைப் மட்டும்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. தபால் கிடைத்த சூட்டில் தண்டபாணி வந்து முற்றத்தில் நின்று கத்தினான். "முப்பத்தொண்ணாந்தேதி பூட்டு. எழுதி வச்சுக்கங்க."

வேலம்மா பூக்கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவேயில்லை.

"பூட்டுங்க. ஆடி மாசத்துல உங்க வீட்ல எவ வந்து பால் காய்ச்சுவா? நாலு வீடும் ஒரு மாசம் சும்மா கெடக்கட்டும். எலிகிட்ட அபராதம் வாங்கிக்கங்க."

ஏழு வீட்டிலும் சிரிப்பு. வாடகையை ஒழுங்காகக் கட்டிவிட்ட மூன்று வீட்டிலும்கூட. தண்டபாணி காது சிவந்து, "அப்ப ஆவணி ஒண்ணு" என்றான். தேதியை அவனே தள்ளிவிட்டான். அவகாசம் கொடுக்க மாட்டேன் என்றவன் வாயிலிருந்தே ஒரு மாத அவகாசம். வேலம்மாவை இப்படிப் பேசப் பழக்கியது நான்தான்.

ஜூலை 21, திங்கள்

சிக்கந்தரைப் பார்த்தேன். வீட்டில் மருந்துச் செலவு இன்னும் தீரவில்லை. நான் எதையும் கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். அவரிடம் சில்லறை குறைந்தது, நான் போட்டேன்.

ஜூலை 23, புதன்

தியேட்டர் இருந்த இடத்துக் கல்யாண மண்டபத்துக்குப் போய் அங்கிருக்கிற மேனேஜருக்குச் சில ஆலோசனைகள் சொன்னேன். என்னைப் போல ஒருவர் வாசலில் நின்றால் மண்டபத்துக்கே கௌரவம் என்று அவர் ஒப்புக்கொண்டார். வாட்ச்மேன் என்ற சொல்லை அவர்தான் பயன்படுத்தினார். ஆடியில் ஏது கல்யாணம், ஆவணியில் வாருங்கள் என்றார்.

ஆடி எல்லோருக்கும் ஆடிதான்.

ஜூலை 26, சனி

பத்து நாள் ஆகியும் தண்டபாணியிடமிருந்து பதில் இல்லை. தபாலாபீசுக்குப் போனோம். மணியார்டர் பாரம் நாலு வாங்கினோம். வேலம்மா பாரத்தை டீச்சரம்மா நிரப்பினாள். எங்கள் பாரத்தை நான் எழுதப் பேனாவைத் திறப்பதற்குள் சொர்ணம் எழுதிக்கொண்டிருந்தாள். அனுப்புபவர் பெயரில் தன் பெயர். கீழே செய்தி எழுதும் இடத்தில், 'ஜூன் மாத வாடகை ரூ.450, கமிஷன் கழித்து' என்று அழுத்தமாக.

"எல்லாரும் இப்படியே எழுதுங்க. தொகையோட," என்றாள்.

பிறகு கவுன்டர். வரிசையில் எங்கள் முறை. "காசு குடுங்க மாமா," என்று கை நீட்டினாள்.

உறையைக் கொடுத்தேன். நூற்றைம்பது இருந்தது. மீதி முன்னூறை வீட்டில் பத்திரமான இடத்தில் வைத்திருப்பதாகவும், தபாலாபீஸ் கூட்டத்தில் திருடர்கள் இருப்பதாகவும், அதைவிட அந்த முன்னூறு ரூபாய் நோட்டுகள் பழசாக இருந்ததால் பேங்கில் மாற்றக் கொடுத்திருப்பதாகவும் சொன்னேன். மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிட்டது.

சொர்ணம் முகம் மாறாமல் இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்து முன்னூறை எண்ணிக் கவுன்டரில் வைத்தாள். ஊக்கும் கொக்கியும் வாங்க வைத்திருந்த காசு என்று நினைக்கிறேன்.

"சிக்கந்தர் மாமா வீட்டம்மா மூணாந்தேதியே சொல்லிட்டாங்க," என்றாள், ரசீதைப் பார்த்துக்கொண்டே. "ஆஸ்பத்திரிக்குக் குடுத்தீங்கன்னு அழுதாங்க. என்கிட்டச் சொல்லிட்டுக் குடுத்திருக்கலாம்ல."

மேலே மின்விசிறியின் பலமான சத்தம். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

இந்தப் போராட்டத்தில் தன் பங்கும் இருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். நான் அனுமதித்தேன்.

ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்றேன். வயிறு சரியில்லை. தட்டில் போட்டு வைத்துவிட்டுப் படுத்தாள். பிறகு சாப்பிட்டேன்.

ஜூலை 29, செவ்வாய்

நாலு மணியார்டரையும் தபால்காரர் தண்டபாணியின் கடைக்கே கொண்டுபோய் நீட்டியிருக்கிறார். கடன் வாங்க வந்தவர்கள் முன்னால். வாங்க மறுத்துவிட்டான். 'பெற மறுத்தார்' என்று எழுதித் தபால்காரர் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்தோணிக்கு முகம் வாடிவிட்டது. "காசு திரும்பி வந்துருச்சேண்ணே, தோத்துட்டமா?"

"இதுதாண்டா வேணும்," என்றேன். பின்பக்கக் குறிப்பைப் பார்த்தபிறகுதான் சொன்னேன். இந்தத் தடவை நானாக எதையும் சேர்க்கவில்லை. "நாம குடுத்தோம், அவன் வாங்கலேன்னு சர்க்கார் பேப்பர்ல வந்துருச்சு. நாளைக்குக் கோர்ட்டுக்குப் போனா இது பேசும். காசு அப்படியே இருக்கட்டும். நாளன்னைக்குக் கோர்ட்லயே கட்டுவோம்."

ஜூலை 31, வியாழன்

காலை ஏழு மணிக்குப் புல்லட் சத்தம். ஆவணி என்றவன் மனம் மாறிப் பூட்டோடு வருகிறான் என்று வேலம்மா கத்தரிக்கோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கோர்ட்டுக்குப் போவதற்காக டீச்சரம்மா பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லியிருந்தாள். அந்தோணி டிப்போவுக்குப் போகவில்லை. நான் வாசல் நிலையில் சாய்ந்து நின்றேன். முப்பத்தொரு வருடம் வாசலில் நின்ற கால். டிக்கெட் இல்லாதவனை அது உள்ளே விடாது.

பூட்டு இல்லை. தண்டபாணி முற்றத்தில் நின்று, குரலை இறக்கிப் பேசினான். இந்தக் குரல் அவனிடம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

"ஏம்மா, மணியார்டர்ல தொகையெல்லாம் எதுக்கு எழுதுனீங்க?"

"வாடகை எவ்வளவோ அதத்தான எழுதணும்," என்றாள் சொர்ணம்.

"கையில குடுத்துட்டாப் போச்சு. நமக்குள்ள எதுக்கு தபாலு, கோர்ட்டு. அபராதம் வேணாம், விட்டுர்றேன்."

எனக்குப் புரியவில்லை. அந்தோணிதான் காதில் சொன்னான். வீட்டுவரிக் கணக்கில் ஒரு குடித்தனத்துக்கு நூறு ரூபாய்தான் வாடகை என்று காட்டியிருக்கிறானாம். நாலு பேர் மாதாமாதம் நானூற்றைம்பது என்று சர்க்கார் பாரத்தில் எழுதினால் வரிக்காரர் சும்மா இருப்பாரா. சொர்ணத்துக்கு இது எப்போதிலிருந்து தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் தபாலாபீசிலேயே தெரிந்திருக்கிறது.

"கையில தர்றோம். ரசீது வேணும்," என்றாள்.

"ரசீதா? எங்கப்பா காலத்துல..."

"உங்கப்பா காலத்துல போர்டும் இல்ல."

அவன் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தான். ஏழு வாசலிலும் ஆள். வாடகை கட்டிவிட்ட மூன்று வீடும் வெளியே வந்து, எங்களுக்கும் ரசீது என்றது. கோர்ட்டா ரசீதா என்று மனதுக்குள் தூக்கிப் பார்த்திருப்பான். பைனான்ஸ்காரன், எது நஷ்டம் குறைவு என்று தெரியும். பைக் பெட்டியிலிருந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்து, எங்கள் தையல் மிஷின் மேல் வைத்து எழுத உட்கார்ந்தான்.

"பேரு சோலைமலைதான?"

"சொர்ணம்," என்றாள் அவள். "வாடகை நான் குடுக்குறேன். என் பேர எழுதுங்க."

என் பெயர் நீளமானது. ரசீதில் இடம் போதாது. நானே சொல்லலாம் என்றிருந்தேன்.

"அப்ப பெரியவரு யாரு? விருந்தாளியா? மேக்கொண்டு ஆள் தங்குனா மாசம் நூறு சேரும். அது வழக்கம்." கடைசியாக ஒரு காசைப் பிடித்துவிடப் பார்த்தான்.

நான் உள்ளே கிளம்பினேன். டிரங்குப் பெட்டியில் ஒரு வேலை ஞாபகம் வந்தது.

"நில்லுங்க மாமா," என்றாள். பிறகு அவனிடம்: "விருந்தாளி என்ன விருந்தாளி. எங்கம்மா கூடப் பொறந்தவரு. இந்த வளவுக்குச் சட்டம் கொண்டாந்தவரு. குடியிருக்கிறது ரெண்டு பேருன்னு எழுதுங்க. நூறும் கெடையாது, பத்தும் கெடையாது."

எழுதினான். 'சொர்ணம், குடியிருப்போர் இரண்டு.' பேனா அழுத்தி எழுதியதில் கீழே இருந்த ஜாக்கெட் துணியிலும் தடம் விழுந்திருக்கும். போகும்போது போர்டையும் அவனே கழற்றிக்கொண்டு போனான். ஆணி மட்டும் இருக்கிறது. வேலம்மா அதில் பூக்கூடையை மாட்டிவிட்டாள்.

அடுத்த மாதத்திலிருந்து வாடகையை அவளே கொண்டுபோய்க் கொடுப்பாளாம். சரி என்று விட்டுக்கொடுத்தேன். சட்டம் பார்க்கிற ஆளுக்குக் காசு சுமக்கிற வேலை எதற்கு.

சாயங்காலம் வேலம்மா வந்தாள். தண்டபாணி கோபத்தில் குழாய்க்கு நேரம் வைத்துவிடுவானோ என்று பயமாம். "அண்ணே, தண்ணிய நிறுத்தக்கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

இருக்கிறது, பிரிவு அறுபத்தேழு என்று வாய் திறந்துவிட்டேன். மிஷின் சத்தம் நின்றது. சொர்ணம் திரும்பிப் பார்த்தாள்.

"பரிமளத்தக் கேட்டுச் சொல்றேன் வேலம்மா," என்றேன்.